டெனெப்: இத்தனை தொலைவிலிருந்தும் ஏன் இத்தனை ஒளி?

திருவோண விண்மீனைவிடப் பல மடங்கு தொலைவிலுள்ள டெனெப் விண்மீன், அதைவிடச் சற்றே மங்கலாக மட்டும் தெரிவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருவோணம் 17 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் விண்மீன். அன்னப்பறவை வடிவ விண்மீன் கூட்டமான அன்ன மண்டலத்தின் வாலில் இருக்கும் டெனெப்போ ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள மீப்பெரு விண்மீன்; மையத்து ஹைட்ரஜன் தீர்ந்தபின் அது சூரியனைப்போல் நூறு மடங்குக்கு மேல் உப்பிவிட்டதாலும், மேற்பரப்பு வெப்பம் 8,500 கெல்வினை ஒட்டி இருப்பதாலும், பல்லாயிரம் சூரியன்களின் ஒளியைத் தனியாகவே உமிழ்கிறது. டெனெப் என்ற பெயருக்கே அரபியில் வால் என்றுதான் பொருள்.

ஐப்பசி மழைமேகம் சூழ்வதற்கு முன், புரட்டாசி நடுவில், இரவு 8 மணிக்குமேல் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காட்டில் நின்று வடக்கே பாருங்கள். பனைகளுக்கு வெகு மேலே, அடிவானிலிருந்து 56 பாகை உயரத்தில், வெண்மையாக அது நிற்கும்.