மானியத்தில் இயங்கும் குடும்ப ஆதரவும் உங்கள் விசா நிபந்தனையும்

அன்புள்ள தங்கைக்கு,

செவிலியர் பணிக்காகக் கிளாஸ்கோ வந்து நான்கு மாதம் ஆவதாகவும், உடன் வந்த கணவரின் குடிப்பழக்கம் இங்கே கைமீறிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். குடும்ப மருத்துவர் கொடுத்த துண்டறிக்கையில், போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் முகவரி இருக்கிறது. ஆனால் அது ஸ்காட்லாந்து அரசின் மானியத்தில் நடப்பதாக அடியில் அச்சிட்டிருப்பதால், அங்கே போனால் 'பொது நிதி பெறக் கூடாது' என்ற விசா நிபந்தனையை மீறியதாகுமா என்பது உங்கள் முதல் கேள்வி. அந்த மானியம் நின்றுபோனால் என்ன செய்வது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குத் தயங்காமல் சொல்கிறேன்: மீறியதாகாது. குடிவரவு விதிகளில் 'பொது நிதி' என்பது அரசிடமிருந்து வரும் பணம் அனைத்தையும் குறிப்பதன்று. யூனிவர்சல் கிரெடிட் என்னும் குறைந்த வருமானத்தாருக்கான உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி, நகராட்சி வீடு என்று தனி ஒருவர் தம் பெயரில் பெறும் சலுகைகளின் வரையறுத்த பட்டியல் அது. நீங்கள் போகவிருக்கும் இடத்தில் மானியம் அமைப்பின் கணக்குக்குப் போகிறது. அந்தப் பணம் ஊழியரின் சம்பளமாகவும் அறை வாடகையாகவும் செலவாகிறது. உங்கள் கைக்கு ஒரு பென்னியும் வருவதில்லை. தேசிய மருத்துவச் சேவை உங்கள் கணவருக்குத் தரும் சிகிச்சையும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் 2007-இல் வந்தவள். எங்களுடன் தங்கியிருந்த என் கொழுந்தனாரின் குடியைப் பற்றி வெளியில் ஒரு சொல் சொன்னால் எல்லோருடைய விசாவும் போய்விடும் என்று நம்பி, இரண்டு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அந்த இரண்டு ஆண்டுகளில் என் மாமியாரின் உடல்நிலைதான் முதலில் கெட்டது. கடைசியில் நான் ஒரு குடும்ப ஆதரவுக் குழுவுக்குப் போனபோது, அங்கிருந்த ஊழியர் கொழுந்தனாரைப் பற்றி எதுவும் கேட்குமுன் என்னைப் பார்த்து, நேற்றிரவு தூங்கினீர்களா என்று கேட்டார். குடிப்பவர் சிகிச்சைக்கு வராவிட்டாலும், குடிப்பதையே ஒப்புக்கொள்ளாவிட்டாலும், குடும்பத்தார் தமக்காகவே உதவி பெறலாம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. 2021 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட குடும்ப ஆதரவுக் கொள்கையும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கூச்சம் குறையும். 2020-இல் ஸ்காட்லாந்தில் போதைப்பொருளால் 1,339 பேர் இறந்தார்கள். இத்தகைய இறப்புகள் பெருகிவந்ததால் 2021 ஜனவரியில் அரசு ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்து, ஐந்து ஆண்டுகளுக்கு 25 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதில் ஒரு பகுதியைக் கோரா அறக்கட்டளை, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று தனி நிதியே வைத்து, உள்ளூர் அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்தது. மதுவால் மட்டும் 2023-இல் 1,277 பேர் இறந்திருக்கிறார்கள். சிறு குழுக்கள் தேசிய லாட்டரி நிதிக்கும் விண்ணப்பிப்பதுண்டு. தமிழ்நாட்டில் 2003-இல் தடைசெய்யப்பட்ட பரிசுச்சீட்டு வருமானத்தில் இங்கே இத்தகைய பணிகள் நடப்பது முதலில் எனக்கு நெருடலாகத்தான் இருந்தது.

பின்னாளில் அத்தகைய ஒரு குழுவின் நிர்வாகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அங்கே கற்ற ஒன்றை உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலர், இந்த ஊர் மக்களுக்கு என்று கொடுத்த பணத்தில் நாம் பங்குபோடலாமா என்று ஒதுங்கி நிற்கிறார்கள். மானியம் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் எத்தனை குடும்பங்கள் வந்தன, என்ன உதவி தேவைப்பட்டது என்று அறிக்கை கேட்பார்கள். அதில் யார் பெயரும் இராது, எண்ணிக்கைதான் இருக்கும். நீங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அந்தத் தேவை பதிவாகிறது; பதிவானால்தான் அடுத்த விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்புச் செலவுக்கு என்று ஒரு தொகை எழுத முடிகிறது. எங்கள் குழுவில் ஐந்தாண்டுகளாக அந்தத் தொகை எழுதப்படாததற்குக் காரணம், தமிழர் எவரும் வரவில்லை என்ற பதிவுதான்.

இனி இரண்டாவது கேள்வி. மானியம் நின்றுபோவது உண்மையாகவே நடக்கிறது. பெரும்பாலும் ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோதான் தருவார்கள். நிதியாண்டு மார்ச்சில் முடியும். ஒரு டிசம்பரில், நீட்டிப்பு இல்லை என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. எல்லா வீடுகளின் கதையும் அறிந்திருந்த ஒரே ஊழியர் மார்ச்சுக்குள் வேறு வேலை தேடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருந்தது. ஏப்ரலில் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம்; வந்தவர்கள் அவரைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த இழப்பு இன்றும் மனத்தில் இருக்கிறது.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே இந்தப் பணிக்கு எதுவரை நிதி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். கூடவே அல்-அனான் கூட்டத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடும் அந்தக் கூட்டங்கள், வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்ற நெறியைக் கடைப்பிடிப்பவை. வருகிறவர்கள் விரும்பிப் போடும் சில்லறையில் நடப்பதால், எந்த மானியம் நின்றாலும் அவை நிற்பதில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் இருக்க மாட்டார். உங்கள் கணவர் தெளிவாக இருக்கும் வேளை பார்த்து எப்படிப் பேசுவது, எப்போது விலகி நிற்பது, உங்கள் சம்பளத்தை எப்படிக் காப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்லித்தருவதற்குத் துண்டறிக்கையில் உள்ளதைப் போன்ற அமைப்புதான் வேண்டும். கிளாஸ்கோவிலேயே தலைமையகம் கொண்ட, மது மற்றும் போதையால் பாதிக்கப்பட்ட ஸ்காட்லாந்துக் குடும்பங்களுக்கான தேசிய அமைப்பு தொலைபேசியிலும் உதவுகிறது.

நீங்கள் சொல்வதை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. குழந்தைக்கோ வேறு எவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். உங்கள் கணவர் கைநீட்டினால் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள். இன்னொன்று, செவிலியரான உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் வீட்டுக் கோபத்தில் மறந்துபோகும்: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். புட்டிகளைத் தொட்டியில் கொட்டிவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

உங்கள் பணி முறை தெரியாததால் நாள் குறிக்கவில்லை. விடுப்பு நாள் எது என்று எழுதுங்கள். முதல் சந்திப்புக்கு நான் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா