ஈலமும் ஈயும்

அன்புள்ள அண்ணா,

யூடியூப்ல கன்ஸ்மோக்னு ஒரு பழைய அமெரிக்க கௌபாய் டிவி தொடரை எபிசோடு எபிசோடா பாத்துத் தள்ளிட்டு இருக்கேன். ஜாக் ஈலம்னு ஒருத்தர், ஒண்ணரைக்கண்ணு, ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல வர்றாரு, அடி வாங்குறாரு, இல்லன்னா சாகுறாரு. அந்தக் கண்ணைக் காட்டியே காலத்தை ஓட்டிட்டாரோ? இத்தனை வருஷம் நடிச்சவரை ஒரு தடவகூட நல்லவங்க பக்கம் நிக்க விடலையேன்னு பாவமா இருக்கு.

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒண்ணரைகூட இல்லங்க, ஒண்ணுதான். இடது கண்ணுல பார்வை கிடையாது. 1920ல அரிசோனால மயாமின்னு ஒரு செம்புச் சுரங்க ஊர்ல (பீச் இருக்கிற மயாமி வேற) பொறந்து, பருத்தி எடுத்து வளந்த பையன், சாரணர் கூட்டத்துல எவனோ ஒரு பையனோட பென்சில் கண்ணுல குத்திடுச்சு. மிச்சம் இருந்த ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு மனுஷன் கணக்கு எழுதப் போனாரு பாருங்க, அதான் எனக்கு ஆச்சரியம். ஹாலிவுட்ல கோல்ட்வின் ஸ்டூடியோல கணக்குப்பிள்ளை, ஆடிட் வேலை, பேரேட்டையே உத்து உத்துப் பாத்து, இப்படியே போனா இருக்கிற பார்வையும் போயிடும்னு டாக்டர் சொல்ற வரைக்கும் விடல. அதுக்கப்புறம் சும்மா வாய்ப்பு கேட்டு அலையல, படத்துக்கு ஃபைனான்ஸ் புரட்டித் தர்றேன், எனக்கு வில்லன் வேஷம் குடுங்கன்னு பேரம் பேசித்தான் உள்ள வந்தாரு. கணக்குப்பிள்ளை புத்தி!

கண்ணைக் காட்டி ஓட்டிட்டாருன்னு சொல்றீங்க. ஓட்டினாருதான், ஆனா அன்னிக்கு டிவிக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு. 1958-59 சீசன்ல அமெரிக்கால ரேட்டிங்ல முதல் நாலு இடமும் வெஸ்டர்ன், அதாவது கௌபாய் தொடருங்கதான், கன்ஸ்மோக் மட்டும் அந்த சீசன்ல 39 எபிசோட். அப்போ அது அரை மணி நேர ப்ரோக்ராம், அதுல விளம்பரம் வேற போகணும், வாரா வாரம் ஒரு புதுக் கெட்டவன் ஊருக்குள்ள வந்து ஏதாவது பண்ணி முடிவும் கட்டியாகணும், அவன் யாரு, ஏன் இப்படி ஆனான்னு கதை சொல்லிட்டு இருக்க நேரம் ஏது? ஈலம் சலூன் கதவைத் தள்ளிட்டு வந்து நின்னா ரைட்டருக்கு ரெண்டு பக்கம் மிச்சம்.

அப்புறம் அந்த "ஒரு தடவகூட". அது தப்பு. 1963ல ஏபிசி சேனல்ல தி டகோட்டாஸ்னு ஒரு தொடர், அதுல திருந்தின துப்பாக்கிக்காரன், டெபுடி மார்ஷல், அதாவது போலீஸ் பக்கம். சர்ச்சுக்குள்ள சுட்டுக்கிட்ட ஒரு எபிசோடுக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, ஜனவரில ஆரம்பிச்ச தொடரை மே மாசமே மூடிட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல என்பிசி சேனல்ல டெம்பிள் ஹூஸ்டன், மறுபடியும் பழைய துப்பாக்கிக்காரன், மறுபடியும் பேட்ஜ், அதுவும் ஒரே சீசன். நல்லவனா நின்னப்பல்லாம் கடையைச் சாத்திட்டாங்க, அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு.

ஆனா வெறும் மூஞ்சிதான்னு நீங்க நினைக்கிறது மட்டும் எனக்கு ஒப்பல. 1968ல வந்த ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் படத்தோட ஆரம்பம் பாருங்க. பாழடைஞ்ச ஸ்டேஷன், மூணு ரவுடிங்க ரயிலுக்குக் காத்திருக்காங்க. ஈலம் பெஞ்சுல சாஞ்சு கிடக்காரு. தாடில ஒரு ஈ. கையைத் தூக்கி ஓட்ட மாட்டாரு, அம்புட்டு சோம்பேறித்தனம், வாயோட ஓரத்துல இருந்து ஃபூன்னு ஊதுறாரு, அது போயிட்டு திரும்ப வருது, உதட்டைக் கோணுறாரு, மறுபடி ஊதுறாரு, ஒரு வசனம் கிடையாது. கடைசில ஈ பக்கத்துப் பலகைல உக்காந்ததும் துப்பாக்கிக் குழாயால அமுக்கிப் பிடிச்சு, விரலால குழாய் வாயை அடைச்சு, காதுகிட்ட வெச்சு அது உள்ள கத்துறதைக் கேட்டு சிரிக்கிறாரு பாருங்க, சின்னப் பையன் பொன்வண்டைத் தீப்பெட்டில போட்டுக் கேப்பானே, அதே சிரிப்பு. ரயில் வர்ற சத்தம் கேட்டதும் ஈயை விட்டுடுறாரு. கொஞ்ச நேரத்துல மூணு பேருமே காலி. நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பாத்துட்டேன், ஹீரோ யாரை எதுக்குச் சுடுறாருங்கிறதுல இன்னமும் எனக்குக் குழப்பம் வரும், ஈ மட்டும் மறக்கல.

அடுத்த வருஷமே ஜேம்ஸ் கார்னர் ஹீரோவா நடிச்ச சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப் படம், அதே கண்ணை வெச்சு முழுக்கக் காமெடி, அதுலயும் டெபுடிதான். கன்ஸ்மோக்கைக் கொஞ்சம் நிறுத்திட்டு அதைப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க, அப்பவும் பாவமா இருந்தா பேசுவோம்.