ரோட்டரி கட்டரில் வெட்டியும் படத்தின் ஓரம் ஏன் கோணலாகிறது?

வாசகர் கேள்வி: ஏ3 பிளஸ் தாளில் 12×18 அங்குலப் படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு, சுற்றிலும் 5 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டு வெட்டுகிறேன். கில்லட்டினில் (கைப்பிடியை இறக்கி வெட்டும் கட்டர்) வெட்டு வளைந்து போனதால், தண்டின் மேல் ஓடும் சக்கரக் கத்தி கொண்ட ரோட்டரி கட்டர் வாங்கினேன். தாளின் விளிம்பைக் கட்டரின் தடுப்புப் பட்டையோடு (கத்திக்குச் செங்கோணத்தில் நிற்கும் பட்டை) ஒட்டி வைத்தே வெட்டியும், ஓரம் ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 6.5 மி.மீ. என்று வருகிறது. வெட்டிய விளிம்பில் ஏறத்தாழ 9 செ.மீ.க்கு ஒருமுறை சிறு பிசிறும் தெரிகிறது. கண்காட்சிக்கு 20 படங்கள் வேண்டும்; சட்டமில்லாமல் கிளிப்பில் தொங்கவிடப் போகிறோம். கட்டரை மாற்ற வேண்டுமா? ஏற்கெனவே கோணலாகிவிட்ட 7 படங்களைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: கட்டரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே காரணத்துக்கான தடயம் இருக்கிறது. தாளின் விளிம்பைத் தடுப்புப் பட்டையோடு ஒட்டி வைத்து வெட்டுவதாகச் சொல்கிறீர்கள். அப்படி வெட்டும்போது கட்டர் தாளின் விளிம்புக்குத்தான் விசுவாசமாக இருக்கும், படத்துக்கு இருக்காது. பிரிண்டரின் உருளைகள் தாளை உள்ளே இழுக்கும்போது தாள் மிகச் சிறிதளவு சாய்ந்து போனாலும், படம் தாளுக்குள் சாய்வாகவே பதியும். வெட்டிய படத்தின் 467 மி.மீ. நீளத்தில் 1.5 மி.மீ. விலகல் என்பது கால் டிகிரிக்கும் குறைவான சாய்வு. அச்சிட்ட தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அது யார் கண்ணிலும் படாது; 5 மி.மீ. ஓரம் விட்டு வெட்டியதும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

பிழை பிரிண்டரிலா, கட்டரிலா என்பதைப் பிரித்தறிய, கோணலான படம் ஒன்றை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். 5 மி.மீ. ஓரத்தோடு சேர்த்து உங்கள் படத்தின் இறுதி அளவு ஏறத்தாழ 315×467 மி.மீ.; அதன் மூலைவிட்டம் சுமார் 563 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்து ஓரம் மட்டும் சாய்ந்திருந்தால், கட்டர் சரியான செவ்வகத்தைத்தான் வெட்டியிருக்கிறது, படம்தான் அதற்குள் திரும்பி நிற்கிறது என்று பொருள். அப்போது நான்கு ஓரங்களுமே ஒரே சுற்றில், கடிகார முள் போகும் வழியிலோ அதற்கு எதிராகவோ, வரிசையாக ஒடுங்கிச் செல்லும். மாறாக, ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 1 மி.மீ. நீளமாக இருந்தாலும் மூலைகள் செங்கோணத்தில் இல்லை. தடுப்புப் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும்.

தடுப்புப் பட்டையைச் சோதிக்க மூலைமட்டம்கூடத் தேவையில்லை. வீணான தாள் ஒன்றின் நேரான விளிம்பைப் பட்டையோடு ஒட்டி வைத்து, நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். வலது துண்டைப் புத்தகம் மூடுவதுபோல் புரட்டி இடது துண்டின் மேல் வைத்து, வெட்டிய விளிம்புகள் இரண்டையும் பொருத்துங்கள். வெட்டு செங்கோணத்தில் விழுந்திருந்தால், பட்டையில் பட்டிருந்த விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். இல்லையேல் ஆப்பு வடிவில் விலகி நிற்கும், அந்த விலகல் உண்மையான பிழையின் இரு மடங்காக இருக்கும். பிழையைப் பெரிதாக்கிக் காட்டுவதால்தான் இந்தச் சோதனையை அளவுகோலைவிட அதிகமாக நம்புகிறேன். பட்டை திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால், சற்றே தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி, விலகல் மறையும் வரை மீண்டும் மீண்டும் வெட்டிப் பாருங்கள். அரை மணி நேரமும் பத்துத் தாள்களும் இதற்குச் செலவாகலாம்; தயங்காமல் செலவிடுங்கள்.

இனி முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன். முதல் வெட்டுக்குத் தாளின் விளிம்பை ஆதாரமாகக் கொள்ளாமல், படத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டும். இதற்கு எளிய வழி, அச்சுக்கு அனுப்பும் கோப்பிலேயே வெட்டுக்குறிகளைச் சேர்த்துவிடுவதுதான். இறுதி அளவின் நான்கு மூலைகளிலும், வெட்டுக்கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே தொடங்கும்படி, கால் புள்ளிக் (0.25 பாயின்ட்) கனத்தில் மெல்லிய சாம்பல் கோடுகளை வையுங்கள். ஏ3 பிளஸ் தாள் 329×483 மி.மீ. என்பதால், உங்கள் இறுதி அளவைச் சுற்றி 7 மி.மீ. அளவுக்கு வெட்டி எறியும் பகுதி மிஞ்சும். குறிகளுக்கு அது போதும். இந்தக் குறிகள் படத்தோடு சேர்ந்தே அச்சாவதால், தாள் எவ்வளவு சாய்ந்து போயிருந்தாலும் குறிகளும் படத்தோடு சேர்ந்தே சாயும். வானம் வெளுத்துப்போய் படத்தின் எல்லையே வெள்ளைத் தாளில் கரைந்துவிடும் படங்களுக்கு இந்தக் குறிகளைத் தவிர வேறு துணை இல்லை.

குறியைக் கத்தியோடு பொருத்துவதில்தான் பலரும் அரை மில்லிமீட்டரை இழக்கிறார்கள். ரோட்டரி கட்டரில் வெட்டு விழும் இடம், மேலே தாளை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பன்று. மேசையின் ஓரத்தில் பதிந்திருக்கும் எஃகு அடிக்கத்தியின் விளிம்புதான். சக்கரக் கத்தி அந்த எஃகு விளிம்பை உரசிக்கொண்டு உருள்வதால், கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்போல அங்கேதான் தாள் அறுபடுகிறது. ஆகவே குறி அந்த எஃகு விளிம்பின் மேல் வந்து பாதி மறைந்து பாதி தெரியும்படி நிற்க வேண்டும். பார்வை சற்றுச் சாய்ந்தாலும் குறி இடம் மாறித் தெரியும். பள்ளி ஆய்வகத்தில் அம்மீட்டர் முள்ளுக்கு அடியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்களே, அதே உத்தியை இங்கும் கையாளலாம்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பாருங்கள், பிளாஸ்டிக் பட்டையில் தெரியும் உங்கள் கண்ணின் பிரதிபலிப்பு குறியின் மேலேயே விழுந்தால், நீங்கள் நேர் செங்குத்தாகப் பார்க்கிறீர்கள். கட்டரின் ஓரத்துக்குக் கீழே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வைத்தால், எஃகு விளிம்பு தாளின் வழியே கறுப்புக் கோடாகத் தெரியும். தடித்த பருத்தித் தாளில் இது அவ்வளவாக உதவாது.

வெட்டும் வரிசையும் முடிவைத் தீர்மானிக்கிறது. முதலில் ஒரு நீளப் பக்கத்தை, இரண்டு முனைக் குறிகளையும் பார்த்து வெட்டுங்கள். பொருத்தும்போது கால் மி.மீ. தவறினால், குறுகிய பக்கத்தில் அது உண்டாக்கும் சாய்வைவிட நீளப் பக்கத்தில் உண்டாக்கும் சாய்வு குறைவு. அதனால்தான் நீளத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இந்த முதல் வெட்டின்போது தாள் தடுப்புப் பட்டையைத் தொடவே கூடாது. தொட்டால், தாளின் விளிம்பே மறுபடியும் ஆளத் தொடங்கிவிடும். அடுத்து, மேசையில் கத்திக்கு இணையாக நிற்கும் நகரும் நிறுத்தியை 315 மி.மீ. தொலைவில் பூட்டி, இப்போது வெட்டிய விளிம்பை அதில் ஒட்டி வைத்து, எதிர்நீளப் பக்கத்தை வெட்டுங்கள். இரண்டு நீள விளிம்புகளும் இணையாகிவிட்டன. இனி எந்த நீள விளிம்பையும் தயங்காமல் தடுப்புப் பட்டையில் ஒட்டி வைத்து, குறுகிய பக்கங்களை வெட்டிக்கொள்ளலாம். நிறுத்தி இல்லாத கட்டராக இருந்தால், இரண்டு நீளப் பக்கங்களையும் குறிகளைப் பார்த்தே வெட்டுங்கள்; குறுகிய பக்கங்களின் குறிகள் அதற்குள் அறுபட்டுப் போயிருக்கும் என்பதால், அவற்றைப் படத்தின் எல்லையிலிருந்து 5 மி.மீ. அளந்து, தடுப்புப் பட்டையின் துணையோடு வெட்டுங்கள். நேரம் கூடுமே தவிரத் துல்லியம் குறையாது. எந்த வெட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி மேசையின் மேல், அழுத்துப் பட்டையின் பிடியில் இருக்க வேண்டும். எறிய வேண்டிய பகுதி வெளியே தொங்க வேண்டும். 483 மி.மீ. நீளத்தையும் உங்கள் கட்டர் ஒரே ஓட்டத்தில் வெட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ3 அளவு என்று விற்கப்படும் சில கட்டர்கள் 460 மி.மீ.யோடு நின்றுவிடும், நடுவில் நிறுத்தித் தாளை நகர்த்தி வெட்டினால், விளிம்பில் ஒரு படி விழுவதைத் தவிர்க்கவே முடியாது.

இடது உள்ளங்கையை விரித்து அழுத்துப் பட்டையின் மேல் பரவலாக ஊன்றுங்கள். ஒரே விரலால் ஒரு முனையை மட்டும் அழுத்தினால், அந்த விரலை அச்சாகக் கொண்டு தாள் சுழன்றுவிடும். வலது கையால் கத்தித் தலையை, தடுப்புப் பட்டை இருக்கும் திசையை நோக்கியே ஒரே சீரான ஓட்டத்தில் தள்ளுங்கள். உருளும் கத்தி தான் போகும் பக்கமாகத் தாளையும் சிறிது தள்ளும் இயல்புடையது. பட்டையை நோக்கிப் போனால் தாள் பட்டையோடு அமுங்கி நிற்கும், எதிர்த்திசையில் போனால் பட்டையைவிட்டு விலகும். பலத்தைக் கூட்ட வேண்டாம். கத்தி கூர்மையாக இருந்தால் தலையின் எடையோடு சற்றே அழுத்தம் போதும். அதற்கு மேல் அழுத்தினால் தண்டு நடுவில் வளைந்து, வெட்டும் வில்போல வளையும். வெட்டிய விளிம்பை எஃகு அளவுகோலோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று கண்டுகொள்ளலாம். பத்துத் தாள் வெட்டும் திறன் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், படங்களை ஒவ்வொன்றாகவே வெட்டுங்கள். பளபளப்பான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அடியில் இருப்பதன் அளவு மாறிவிடும்.

இனி, 9 செ.மீ.க்கு ஒருமுறை வரும் பிசிறு. சீரான இடைவெளியில் வருவதால் குற்றம் சக்கரத்தில்தான். சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் பல் உடைந்தாற்போல் குறை விழுந்திருந்தால், ஒவ்வொரு முழுச் சுற்றிலும் அது ஒருமுறை தாளைத் தொடும். 28 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 88 மி.மீ.; உங்கள் அளவோடு ஒத்துப்போகிறது. பிசிறு எப்போதும் கட்டரின் ஒரே இடத்தில் வந்தால் அடிக்கத்தியில் குறை என்று கொள்ள வேண்டும், அதைச் சரிசெய்வது கடினம். உங்களுக்குச் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுவதற்கு முன் ஸ்டேப்பிள் பின், இரட்டைப் பக்க டேப்பின் பசை போன்றவை சக்கரத்தில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், விரல் விளிம்பில் படாமல், பக்கவாட்டில் துடைத்துவிட்டு ஒருமுறை வெட்டிப் பாருங்கள். பசைதான் காரணமென்றால் அதிலேயே சரியாகிவிடும். புதிய சக்கரத்தில் பின் குத்திய தாள்களையோ டேப் ஒட்டிய அட்டைகளையோ ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

அச்சிட்ட படத்தை ஒரு நாளாவது உலரவிட்டு, சுருண்டிருந்தால் வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து எடை ஏற்றி, தட்டையாக்கிய பிறகே வெட்டுங்கள். சுருண்ட தாள் அழுத்துப் பட்டைக்கு அடியில் தட்டையாகும்போது குறி நகர்ந்துவிடும். பளபளப்பில்லாத தாள்களில் பிளாஸ்டிக் பட்டை உரசிக் கரும்பகுதிகளில் மினுமினுப்பான தடம் விழும் என்பதால், பட்டையின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு படத்துக்கும் முன் தூசி போகத் துடையுங்கள்.

மீதமுள்ள 13 படங்களை இனிமேல்தான் அச்சிடப் போகிறீர்கள் என்றால், 5 மி.மீ. ஓரத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்வேன். கண் ஓரத்தின் தடிமனை அளப்பதில்லை, ஒரு முனையை மறுமுனையோடு ஒப்பிடுகிறது. 5 மி.மீ.யில் 1.5 மி.மீ. என்பது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு, 15 மி.மீ.யில் அது பத்தில் ஒரு பங்குதான். படத்தை 11×16.5 அங்குலமாகச் சுருக்கி, சுற்றிலும் 15 மி.மீ. ஓரம் விட்டால், ஏ3 பிளஸ் தாளில் குறிகளுக்கும் 10 மி.மீ. இடம் மிஞ்சும். கிளிப் கடிப்பதற்கும் வெள்ளைப் பகுதி கிடைக்கும். படத்தின் மேல் கிளிப் ஏறாது.

கோணலாகிவிட்ட 7 படங்களையும் காப்பாற்றலாம், ஆனால் வெள்ளை ஓரம் இல்லாமல்தான். படத்தின் எல்லையையே குறியாகக் கொண்டு, நான்கு பக்கமும் படத்துக்குள் 1 மி.மீ. புகுந்து வெட்டுங்கள். அறுபட்டு விழும் கீற்று 6 முதல் 7.5 மி.மீ. அகலம் இருக்கும் என்பதால் கத்திக்கு நல்ல பிடிப்பு உண்டு, 3 மி.மீ.க்கும் மெல்லிய கீற்றாக இருந்தால் அது கத்தியோடு மடங்கிப் பிசிறு தட்டும். இறுதி அளவு சுமார் 303×455 மி.மீ. வரும், மூலைவிட்டம் 547 மி.மீ.க்கு அருகில் நிற்க வேண்டும். ஒரே சுவரில் 7 படங்கள் ஓரமில்லாமலும் 13 படங்கள் ஓரத்தோடும் தொங்குவது நன்றாக இராது. ஆகவே தாள் செலவைக் கணக்கிட்டு, அந்த 7 படங்களையும் புதிய அளவில் மறுபடி அச்சிடுவதா, இருபதையும் ஓரமில்லாமல் வெட்டுவதா என்று முதல் கோப்பை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.