எந்தக் காற்றுக்கு ஒழுகுகிறது?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குசினிக் கூரை இரண்டு மாரியாக ஒழுகுகிறது. மூன்று மேசன்மார் வந்து சீமெந்து பூசிவிட்டுப் போனார்கள், ஒழுக்கு நிற்கவில்லை. காணொளிகளைப் பார்த்து, மழை விட்ட கையோடு நானே ஏறி இரண்டு ஓடுகளை மாற்றி, அன்றே சீமெந்தும் பூசினேன், பயனில்லை. அம்மா இரவில் எழுந்து சட்டி மாற்றி வைக்கிறார். ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகடு போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சட்டி நிறைய நிறைய அதில் விழும் துளியின் ஓசை மாறுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. என் அம்மாவும் அப்படி எழுந்தவர்தான்.

தகடு போடுவது உங்கள் விருப்பம். காணொளிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நான் இங்கே சுருக்கியிருக்கும் உங்கள் கடிதத்தில் மேசன்மாரின் நேர்மையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எப்போது ஒழுகுகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஈர ஓட்டில் ஏறியதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். விழுந்திருந்தால் அம்மா எதை ஏந்திப் பிடிப்பார்?

மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய 1978க்கு அடுத்த மாரியில், திருக்கடலூரில் எங்கள் குசினியும் அடுப்புக்கு நேர்மேலே ஒழுகியது. அப்பா அந்த இடத்து ஓடுகளையே திரும்பத் திரும்ப மாற்றினார். கடைசியில் அழைத்துவந்த முதிய ஓடாவி, அதாவது தச்சர், ஏணியைத் தொடவில்லை. அம்மாவிடம், "எந்தக் காத்துக்குப் பிள்ளை ஒழுகுது?" என்று கேட்டார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழைக்கு ஒரு துளியும் விழுவதில்லை, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு மட்டுமே ஒழுகுகிறது என்பதை அம்மா அப்போதுதான் யோசித்துச் சொன்னார். ஓடாவி உள்ளே போய், ஓடுகளைத் தாங்கும் கைமரத்தின் அடிப்புறத்தில் கறுத்திருந்த நீர்க்கோட்டை விரலால் தடவியபடியே மேலே பார்த்தார். அது அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி, குசினிக் கூரை பெரிய வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் முடிந்தது. வாடை மழை அந்தச் சுவரில் அறைந்து வழிந்து, சுவருக்கும் சாந்துக்கும் இடையே இருந்த மயிரிழை வெடிப்பில் இறங்கி, மரத்தோடு ஓடிவந்து அடுப்பில் சொட்டியிருக்கிறது.

அந்த இடத்தில் சீமெந்து நிற்காது, தம்பி. கூரை மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும், சுவர் அசையாது. நடுவில் விறைத்துக் கிடக்கும் சாந்து வெடிக்காமல் என்ன செய்யும்? ஓடாவி சுவரில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காடி வெட்டி, நாகத்தகட்டின் விளிம்பை அதில் செருகி, மறு விளிம்பை ஓட்டின்மேல் மடித்துவிட்டார். சுவரில் வழியும் நீர் தகட்டின்மேல் விழுந்து ஓட்டில் ஓடிவிடும். கீழே மரம் எப்படி அசைந்தாலும் கவலையில்லை.

வேலை முடிந்ததும் அவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. கீழ் வரிசையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு, ஒரு சுருட்டுப் பிடித்து முடியும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த வரிசை, அதன் பிறகு சுவர். மேலிருந்து ஊற்றியிருந்தால் எல்லா வரிசையும் ஒன்றாக நனைந்திருக்கும், எது ஒழுகியது என்று தெரிந்திருக்காது. நீங்களோ ஓட்டையும் மாற்றி, அதே நாளில் சீமெந்தும் பூசியிருக்கிறீர்கள். ஒழுக்கு நின்றிருந்தாலும் எதனால் நின்றது என்று எப்படித் தெரியும்?

உங்கள் குசினியும் பெரிய வீட்டோடு ஒட்டிய சாய்கூரைப் பத்திதானா, வேறு அமைப்பா என்று எனக்கு எழுதுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தச் சட்டி நிறைகிறது என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரியும்.