இணைதிறன் எலக்ட்ரான்: கேள்வி பதில்

கே: குளோரினுக்கு எத்தனை இணைதிறன் எலக்ட்ரான், எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

ப: 7. இணைதிறன் எலக்ட்ரான் என்றால் பிணைப்பில் பங்கெடுக்கக் கூடிய எலக்ட்ரான். அணு எண் 17, கூடு கூடாகப் பிரித்தால் 2, 8, 7, அதில் கடைசிக் கூட்டில் இருப்பதுதான் விடை. தனிம வரிசை அட்டவணை கையில் இருந்தால் பிரிக்கவே வேண்டாம். தொகுதி என்பது அட்டவணையின் செங்குத்து வரிசை; 1, 2ஆம் தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணே விடை, 13 முதல் 18 வரை பத்தைக் கழியுங்கள். ஹீலியம் மட்டும் விலக்கு, அதனிடம் மொத்தமே 2தான். அப்புறம், இணைதிறன் (ஓர் அணு போடும் பிணைப்புகளின் எண்ணிக்கை) வேறு, இணைதிறன் எலக்ட்ரான் வேறு, தயவுசெய்து குழப்பாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடில் குளோரினின் இணைதிறன் 1தான்.

கே: பாஸ்பரசுக்கு 3ஆ, 5ஆ?

ப: 5. 3 என்பது பாஸ்பீனில் அதன் இணைதிறன். இரண்டும் வேறு என்று இப்போதுதான் சொன்னேன்.

கே: மூன்றாம் கூட்டில் 18 வரை இருக்கலாம் என்கிறார்கள், பொட்டாசியத்தை 2, 8, 9 என்று எழுதினால் ஏன் தப்பு?

ப: 18 வரை இருக்கலாம், சரி. ஆனால் கூடுகளுக்குள் எஸ், பி, டி என்று துணைக்கூடுகள் உண்டு, 3பி (மூன்றாம் கூட்டின் பி) நிரம்பியதும் அடுத்த எலக்ட்ரானுக்கு 3டியைவிட 4எஸ்தான் ஆற்றல் குறைந்த இடம். அதனால் 2, 8, 8, 1.

கே: இரும்புக்கு 2தானே?

ப: கடைசிக் கூட்டை மட்டும் எண்ணினால் 2. ஆனால் துருவைப் பாருங்கள், அதில் இரும்பு +3 நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரானை இழந்த கணக்கில் இருக்கிறது, 4எஸ்ஸில் இருப்பதோ 2 எலக்ட்ரான்தான், மூன்றாவது எங்கிருந்து போனது? 3டியிலிருந்து. இடைநிலைத் தனிமங்களில் 3டியும் வினையில் இறங்கும், அதனால் 3டியில் 6, 4எஸ்ஸில் 2, மொத்தம் 8 என்பதே என் பதில்.

கே: ஒத்துக்கொள்ள முடியாது சார். இரும்பு எட்டையும் எங்கே இழக்கிறது?

ப: இழக்க வேண்டும் என்று யார் சொன்னது? பிணைப்பில் பங்கெடுக்கக் கூடியவை எத்தனை என்பதுதான் கேள்வி. அதே 8ஆம் தொகுதியில் கீழே இருக்கும் ஆஸ்மியம், டெட்ராக்சைடில் +8 வரை போகிறது. மாங்கனீசுக்கு 7, பெர்மாங்கனேட்டில் அது +7.

கே: அப்படியானால் 12ஆம் தொகுதி துத்தநாகத்துக்கு 12 என்பீர்களா?

ப: மாட்டேன். அதன் 3டியில் பத்தும் நிரம்பி, ஆற்றலில் கீழே இறங்கிவிட்டது, சேர்மங்களில் போவது 4எஸ்ஸின் இரண்டுதான். அதற்கு 2. தொகுதி எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

கே: ஆக்சிஜனுக்கு இணைதிறன் 2, அப்போ எலக்ட்ரானும் 2தானே?

ப: 6. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: தேர்வில் இரும்புக்கு எதை எழுதுவது?

ப: உங்கள் பாடநூல் வெளிக்கூட்டு எலக்ட்ரான் என்று வரையறுத்திருந்தால் 2. மேல் வகுப்பில் டி தொகுதி (இடைநிலைத் தனிமங்கள் இருக்கும் பகுதி) பற்றிய கேள்வி என்றால் எலக்ட்ரான் அமைப்பை முழுசாக எழுதிவிட்டு 8 என்று போடுங்கள்.