வளவில் வரும் உறக்கம் ஆய்வறையில் வருமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு வயது 62. வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் விரித்துத்தான் என்றும் படுப்பார்கள். குறட்டை முகப்பு வரை கேட்கும். திடீரென்று அது நின்றுபோய், ஆத்தா எண்ணிப் பார்த்தால் பதினைந்து, இருபது நொடிகள் மூச்சே இராது. பிறகு திணறிக்கொண்டு விழிக்கிறார்கள். பகலில் திண்ணையில் நாளிதழைக் கையில் பிடித்தபடியே உறங்கிவிடுகிறார்கள். இரத்த அழுத்தம் மூன்று மாத்திரைகளுக்கும் அடங்கவில்லை. மதுரையில் ஓர் இரவு தங்கி ஸ்லீப் ஸ்டடி (உறக்க ஆய்வு) எடுக்கும்படி மருத்துவர் சொல்ல, "உடம்பெல்லாம் வயரோடு அசலூர்க் கட்டிலில் எனக்கெப்படித் தூக்கம் வரும்?" என்று மறுக்கிறார்கள். வீட்டிலேயே எடுக்க முடியாதா?
— ஒரு மகள், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி, உங்கள் ஆத்தா எண்ணிய அந்த நொடிகள்தாம். உறக்கத்தில் மூச்சோட்டம் 10 நொடிகளாவது தடைப்படுவதையே நாங்கள் கணக்கில் எடுக்கிறோம். மணிக்குச் சராசரியாக 5 தடைகள் முதல் அதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும் உறக்க மூச்சுத்தடை நோயாகக் கருதுகிறோம், 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. ஒவ்வொரு தடையிலும் ஆக்ஸிஜன் இறங்கி, மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ள, அந்த நேரத்தில் இரத்த அழுத்தமும் எகிறுகிறது. மாத்திரைக்கு அடங்காத அழுத்தத்துக்குப் பின்னால் இது ஒளிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

அப்பச்சியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. புது இடத்தில் முதல் இரவு உறக்கம் தாமதமாக வருவதும், கனவுறக்கம் குறைவதும் மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் நோயாளிக்குத் தனி அறை, மங்கலான விளக்கு, சாதாரணப் படுக்கை என்று ஏற்பாடு செய்து, தொழில்நுட்பரைப் பக்கத்து அறையில் அமர்த்துகிறார்கள். தலை, கண்ணோரம், தாடை, மார்பு, கால்கள் ஆகிய இடங்களில் ஒட்டும் மின்முனைகளும், மூக்கின் கீழ் மெல்லிய குழாயும், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், விரலில் ஒரு கிளிப்பும் இருக்கும். எதுவும் குத்தாது, உடம்புக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. வயர்கள் எல்லாம் ஒரு சிறு பெட்டியில் சேர்வதால், கழிப்பறைக்குப் போக அதை மட்டும் கழற்றிக் கொடுப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிப் படுத்துப் பார்த்தேன். வயர்கள் அரை மணி நேரத்தில் மறந்துபோயின, மூக்குக் குழாய்தான் விடியும்வரை உறுத்தியது. ஆழ்ந்து உறங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில மணி நேர உறக்கமே பெரும்பாலும் போதுமானது.

பழகிய தலையணையையும் வேட்டியையும் எடுத்துச் செல்லட்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஒட்டித் தேதி வாங்காதீர்கள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாது. அன்று பகலுறக்கமும், மதியத்துக்குப் பின் காபியும் வேண்டாம்.

வீட்டிலும் எடுக்கலாம். ஆனால் அந்தச் சிறு கருவி பொதுவாக மூளை அலைகளைப் பதிவதில்லை. விழித்துக்கிடந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் தடைகளின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படலாம். இதயச் செயலிழப்பு, நுரையீரல் நோய், பக்கவாதம் போன்றவை இருந்தால் அது பொருந்தாது. அப்படி எதுவும் இல்லையென்றால், அப்பச்சியைப் போல அறிகுறி தெளிவாக உள்ளவர்களுக்கு அது தகும். முடிவு "ஒன்றுமில்லை" என்று வந்தால் மட்டும் அதை நம்பி நின்றுவிடக் கூடாது. என்னைக் கேட்டால் மதுரைக்கே அனுப்புவேன். முதல் 2 மணி நேரத்திலேயே நோய் கணிசமாகத் தெரிந்துவிட்டால், மீதி இரவில், காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியின் முகமூடியைப் பொருத்தி, எவ்வளவு காற்றழுத்தம் தேவை என்பதையும் அங்கேயே கண்டறிய முடியும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட சிகிச்சை முறை அது. அடம் பிடித்தால், ஆய்வே இல்லாமல் விடுவதைவிட வீட்டு ஆய்வு எவ்வளவோ மேல். அதுவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். கார் ஓட்ட விடாதீர்கள்.

கேள்வி: என் கைக்கடிகாரமே இரவு உறக்கத்தை அளந்து சொல்லும்போது ஆய்வகம் எதற்கு?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அது கையசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து உறக்கத்தை ஊகிக்கிறது. மூக்கில் காற்று நின்றதா, அந்நேரம் மார்பு மூச்சுக்கு முயன்றதா என்பதை மணிக்கட்டிலிருந்து நேரடியாக அளக்க முடியாது. குறட்டையோ பகலுறக்கமோ உங்களுக்கு இருந்தால், கடிகாரம் "நல்ல உறக்கம்" என்று சொன்னாலும் மருத்துவரைப் பாருங்கள்.