ஐஐடி மெட்ராஸில் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருக்கிறேன். தினமும் செமினார், ஒர்க்‌ஷாப், கிளப், விழா என்று மெயில் குவிகிறது. எதற்குப் போவது, எதை விடுவது?

எல்லாவற்றுக்கும் போனால் லேப் வேலை கெடுகிறது, எதற்கும் போகாவிட்டால் மனசு உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதே வளாகத்தில் வேதியியலில் பிஎச்டி முடித்தவள். நேராகவே சொல்கிறேன்: பெரிய அரங்கில் பெரிய பெயர்கள் பேசுவதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. முப்பது பேர் உட்காரும் அறையில் நடப்பதை விடாதீர்கள். பெரிய உரைகள் பெரும்பாலும் யூடியூபுக்கு வந்துவிடும். சின்ன அறையில் நடப்பது அந்த ஒரு மணி நேரத்தோடு போய்விடும். அங்கேதான் நீங்கள் கை தூக்கிக் கேள்வி கேட்கவும் முடியும்.

அந்தச் சின்ன அறைகளிலும் முதல் இடம் வைவாவுக்கு, அதாவது பிஎச்டி முடிப்பவர் தன் ஆய்வைத் தேர்வாளர்கள் முன் விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வுக்கு. தலைப்பு, இடம், நேரம் போட்டு மெயில் வரும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் முதல் வருட மாணவர்கள் அந்த மெயிலைத் திறப்பதே இல்லை. நமக்கு எதற்கு, இன்னும் நாலு வருஷம் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். நான் சொல்வது, முதல் வருஷத்தில்தான் அதிகம் போக வேண்டும். ஒருவர் ஐந்து வருட உழைப்பை முக்கால் மணி நேரத்தில் எப்படிச் சொல்கிறார், எதைத் தூக்கிப் போடுகிறார், எந்த இடத்தில் தேர்வாளர் குறுக்கிடுகிறார் என்பதை எந்தப் பாடத்திலும் கற்றுத்தர மாட்டார்கள்.

எங்கள் லேபில் ஒரு அக்காவின் வைவா. அவருடைய அம்மாவும் அப்பாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து பொதிகை ரயிலில் வந்து இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உரை முடிந்ததும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "கேட்டலிஸ்ட் (வினையூக்கி) போடாமல் இதே வினையை ஓட்டிப் பார்த்தீர்களா?" அக்கா நன்றி சொல்லும் ஸ்லைடைத் தாண்டிப் போனார். அதற்குப் பின்னால் இன்னும் பதினைந்து ஸ்லைடுகள் இருந்தன. கேட்டலிஸ்ட் இல்லாமல் ஓட்டியது, பாதரசம் ஒரு சொட்டு விட்டுச் சோதித்தது, தோற்றுப்போன சோதனைகள் என்று எல்லாம் வரிசையாக. தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கான சோதனையைச் செய்து வைத்திருப்பதுதான் ஆய்வு என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. எல்லாம் முடிந்து சமோசாவும் டீயும் வந்தபோது, கைடு அந்த அம்மாவிடம் போய்த் தமிழில் விளக்கினார்: "மருந்துக் கம்பெனியில ரொம்பச் சூட்டுல செய்யற ஒரு வேலைய, கொறஞ்ச சூட்டுல செய்ய உங்க பொண்ணு வழி கண்டுபிடிச்சிருக்கா." அம்மா கேட்டுக்கொண்டு, "இனிமே ராத்திரி லேபுல இருக்க வேண்டாம்ல?" என்றார்.

அப்புறம், உங்கள் துறைக்கு வெளியே வாரத்துக்கு ஒரு உரை. எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், மெயிலில் வரும் உரைச் சுருக்கத்தின், அதாவது அப்ஸ்ட்ராக்டின், முதல் இரண்டு வரி புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் போங்கள். மற்ற துறைக்காரருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதுகிறவர் பேசும்போதும் அப்படித்தான் பேசுவார். இயந்திரவியல் துறையில் ஒரு உரை, காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஏன் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது என்று ஆரம்பித்தது. கல் கொதிநிலையைவிட வெகுவாகச் சூடேறியிருந்தால், துளியின் அடியில் உண்டாகும் நீராவியே ஒரு மெத்தையாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்று பெயர். உரை முடிந்து டீ குடிக்கும்போதுதான் அவர்கள் லேபில் அதிவேக கேமரா இருப்பது தெரிந்தது. என் மின்முனையிலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் பிரிவதை அதில்தான் படம் பிடித்தேன். என் ஆய்வேட்டில் அது ஒரு அத்தியாயம். அதனால் உரை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். டீ இருந்தால் நில்லுங்கள்.

சின்ன அறைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், எல்லோரும் மேட்சயன்ஸ் என்பார்களே, அது ஒரு வீட்டில் நடந்த செமினாரிலிருந்து பிறந்தது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் போய்வந்த பிறகு, மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்திவந்தார். 1960இல் சென்னை வந்த, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைப் பார்த்து வியந்து வெளிப்படையாகப் பாராட்டினார். அன்றைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியம் அக்கறை எடுத்து, நேருவை அந்த மாணவர்கள் சந்திக்க ஏற்பாடு செய்தார். 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் தொடங்கியது. தொடக்க விழாவுக்கு வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் வந்திருந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் வாராவாரம் தவறாமல் கூடியவர்களால் இவ்வளவு நடந்திருக்கிறது. இன்றைக்கும் மேட்சயன்ஸ் உரைகளின் பட்டியலை அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம். தரமணி கேட் வழியாகப் போனால் பக்கம்தான், போய்வாருங்கள்.

ஒர்க்‌ஷாப் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். இரண்டு நாளும் புரொஜெக்டரைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிவருவது என்றால் வேண்டாம். கருவியில் கை வைக்க விடுகிறார்களா, உங்கள் டேட்டாவைக் கொண்டுவரச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். மூலக்கூறுகள், படிகங்களின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர், எக்ஸ்ஆர்டி கருவிகளைப் பராமரிக்கும் டெக்னிகல் ஆபீசர்கள் வகுப்பு எடுத்தால் கட்டாயம் போங்கள். கட்டுரைகளில் எழுதாத நுணுக்கமெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. மத்திய அரசின் க்யான் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஒன்றிரண்டு வாரம் வந்து பாடம் எடுப்பதுண்டு, 2015இல் தொடங்கிய திட்டம். உங்கள் தலைப்புக்கு நெருக்கமாக ஒன்று வந்தால் கைடிடம் சொல்லிவிட்டு அந்த வாரத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

கொண்டாட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜனவரியில் கலை விழாவான சாரங், தொழில்நுட்ப விழாவான சாஸ்திரா இரண்டுமே வரும். சாரங் 1974இல் மார்டி கிரா என்ற பெயரில் ஆரம்பித்த விழா. இரண்டும் பெரும்பாலும் பிடெக் பிள்ளைகளின் உழைப்பு. ஆய்வு மாணவர்கள் நமக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஓஏடி என்கிற திறந்தவெளி அரங்கின் படிக்கட்டில் ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்கும் வாய்ப்பு வளாகத்தை விட்டுப் போனபின் அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஒரு நாளாவது போங்கள்.

அதைவிட முக்கியம் தொடர்ந்து சந்திக்கும் நாலு பேர். பிஎச்டியில் மூன்றாம் வருஷம் பலருக்குக் கஷ்டமான காலம். சோதனை ஓடாது, கட்டுரை திரும்பி வரும், கூடப் படித்தவர்கள் வேலையில் செட்டில் ஆகியிருப்பார்கள். அந்த நேரத்தில் அறையிலிருந்து உங்களை இழுத்து வெளியே கொண்டுவர ஆள் வேண்டும். அது வாசிப்பு வட்டமாக இருக்கலாம், சாயங்காலம் பேட்மின்டன் ஆடும் கூட்டமாக இருக்கலாம், ஹாஸ்டலில் சேர்ந்து பொங்கல் வைக்கிறவர்களாக இருக்கலாம். ஏதாவது ஒன்றில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். மனசு சரியில்லாதபோது புதிதாகப் போய்ச் சேர யாருக்கும் தெம்பு வராது.

கைடு என்ன சொல்வாரோ என்ற தயக்கம் இருந்தால், மாதத் தொடக்கத்தில் நீங்கள் போக நினைக்கும் உரைகளின் பட்டியலை அவருக்கே அனுப்பி வையுங்கள். என் கைடு அதைப் பார்த்துவிட்டு, நான் விட்டுவிட்ட இரண்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று, மேட்சயன்ஸ் 2016 முதல் மியூசிக் அகாடமியில் நடத்தும் சயின்ஸ் அட் தி சபா. பொதுமக்களுக்காக விஞ்ஞானிகள் பேசும் ஒரு மாலை நிகழ்ச்சி. அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் யாராவது ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.